பழவேற்காட்டுக் காசின் நிறம்

என் கணவருக்கு இரண்டாவது கண்ணும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து ராயபுரத்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்தபடியே, "காசுப் பொட்டிய எட்து கையில குடும்மே" என்றார். முதலில் சாப்பிடச் சொன்னேன். கேட்கவில்லை. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, "உள்ள வச்சிடு" என்றார்.

அவர் துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடல்காற்று செப்புக் கம்பி முனைகளை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதும், தின்ற இடத்தைச் சுரண்டி எடுப்பதும்தான் அவருடைய வேலையில் பாதி. அந்தப் பழக்கத்தில்தான் செப்புக்காசு பிடித்துப்போனது என்று சொல்வார். வெள்ளிக்காசு, தங்கக்காசு பக்கம் போனதே இல்லை. "வெள்ளிய யாரு வேணா பாத்துடலாம். செம்பப் பாக்கத்தான் கண்ணு வோணும்" என்பது அவர் பேச்சு. நாயக்கர் காலத்துக் காசு, நவாப் காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று பெட்டி நிறைய வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே யார் எந்தச் செப்புக்காசைக் கொண்டுவந்தாலும் கடைசியில் அது அவர் கைக்கு வரும். வெயில் படும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் சொல்வதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

சர்க்கரை அவருக்கு வெகுநாளாக இருந்தது. விழித்திரையில் ரத்தம் கசிகிறது என்றார்கள். லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஒரு கண் போன பிறகும் இன்னொரு கண்ணோடு ஹாலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அதுவும் போனபின் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது.

நான் திருவொற்றியூரில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை செய்தவள். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, தைத்து வரும் சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிறம் மாறிய துண்டு எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. முழங்கால் ஒத்துழைக்கும்வரை போனேன். அவருடைய காசுகளை மட்டும் ஒருநாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. அது அவருடைய உலகம் என்று விட்டுவிட்டேன். அவரும் கூப்பிட்டதில்லை.

கண் போய்ச் சில வாரம் கழித்துத்தான் கூப்பிட்டார். ஜன்னலோரம் நாற்காலி போடச் சொல்லி, என் கையில் லென்ஸைக் கொடுத்து, "ஒண்ணு எட்து பாத்து சொல்லு" என்றார்.

நான் மேலாக இருந்த ஒன்றை எடுத்தேன். சிங்கம் போட்ட கம்பெனிக் காசு. "அழகா கீதுய்யா" என்றேன்.

"அழகு கிழகுலாம் வாணாம். இன்னா தெரியுதோ அத்த சொல்லு."

"சிங்கம் தெரியுது."

"சிங்கம் கீதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே வாங்கனேன். சிங்கத்தோட மூஞ்சி எப்டி கீது? முடி முடியா கீதா, மொழுக்குன்னு கீதா?"

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். சட்டையை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்க்கத் தொடங்கினேன். காலர், தோள், பட்டன் பட்டி, கை என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மாற்றினால் ஏதாவது தப்பிவிடும். காசுக்கு முதலில் விளிம்பைச் சுற்றி வந்தேன். பிறகு எழுத்து, பிறகு உருவம், கடைசியில் உருவத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம். விளிம்பில் மணி மணியாக இருப்பது ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது என்றேன். சிங்கத்தின் பிடரியில் முடி தெரிகிறது, நெற்றியில் தெரியவில்லை என்றேன். நிறம் ஒரே சீரான பழுப்பு, எழுத்தின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் கறுப்பு என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொண்ணு எடு."

அன்று சாயங்காலம்வரை பார்த்தோம். அதன்பிறகு, மழையோ மருத்துவமனையோ இல்லாத நாளெல்லாம், சாப்பாடு முடிந்து அந்த வேலைதான்.

காசு கெடுவதில் வகை உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசை அவர் குறை சொல்ல மாட்டார். "அது வேல பாத்த காசுமே. தேயத்தான் செய்யும்" என்பார். மண்ணுக்குள் கிடந்து களிம்பு ஏறியதும் அவருக்குச் சம்மதம்தான். கெட்டியாக, கரும்பச்சையாக, பளிங்குபோல் படிந்த களிம்பு காசைக் காப்பாற்றும், அதைத் தொடவே கூடாது. அவருக்கு ஆகாதது மனுஷன் கைவைத்த காசு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தது, ஆசிட்டில் முக்கி எடுத்தது, அப்படி எடுத்தபின் பழசுபோல் தெரிய வர்ணம் ஏற்றியது. அப்படி ஒன்றைக் கையில் வாங்கிவிட்டால் அவர் முகம் சுளிந்துவிடும். கண் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சுளிப்பால்தான் ஒரு சிநேகிதத்தையும் இழந்தார்.

மாத்தூரில் ஒருவர் இருந்தார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை செய்தவர். என் கணவரைவிட இரண்டொரு வயது பெரியவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பல வருஷம், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்றுகொண்டிருப்பார். இரண்டு பேரும் எங்கே காசுக் கண்காட்சி என்றாலும் சேர்ந்து ரயிலேறிப் போவார்கள். ஒருமுறை ஹாலுக்கு அவர் ஒரு நாயக்கர் காசைக் கொண்டுபோயிருந்தார். கையிலிருந்து கைக்கு மாறி அது என் கணவரிடம் வந்தது. அவர் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து, விரலைத் தூக்கிக் காட்டி, "வர்ணம் பூசன காசு நைனா இது. யாரு உங்க தலையில கட்டனான்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். சிலர் சிரித்தார்கள். மாத்தூர் அண்ணன் காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "தனியா கூப்ட்டு சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"உண்மையத்தானே சொன்னேன். உண்மைக்கு இன்னா தனி ரூம்பு?" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையைத் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன். பிறகு திரும்பிப் பார்க்கக் கண்ணே இல்லாமல் போனது.

கண் போய் இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் வரவில்லையென்றாலும் சுவரெல்லாம் ஈரம் ஏறிப் பீரோவின் பின்பலகை ஊறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அவர் முதல் வேலையாகக் காசுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்புக்குச் சீக்கு வரும் என்றார். கெட்டிக் களிம்பு வேறு, சீக்கு வேறு. சீக்கு வெளிர்ப்பச்சையாக, மாவுபோல் இருக்கும். பல்குச்சியால் தொட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் காசையே பொடியாக்கிவிடும்.

ஒவ்வொரு காசாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிலவற்றில் இருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தோம். பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிவந்து, கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டு ஊறவைக்கச் சொன்னார். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்றார்.

கடைசியாக அவர் தனியாகப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த காசுக்கு வந்தேன். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் அடித்தது. ஒரு பக்கம் அவர்கள் கம்பெனியின் பின்னல் எழுத்துக் குறி, மறுபக்கம் அரபி எழுத்து. சின்னக் காசு, தடிமன் ஜாஸ்தி. அந்த வகைக் காசு பெரும்பாலும் அரித்துப்போய், குறி பாதி தெரிந்தும் தெரியாமலும்தான் கிடைக்கும். இவருடையதில் ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிற்கும். நிறம் நன்கு வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி. ஹாலில் ஒவ்வொரு வருஷமும் ஒருமுறையாவது அதைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். யாரிடம் வாங்கினார் என்று எனக்குச் சொன்னதில்லை. அதை வாங்கிவந்த அன்று அவர் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் விளிம்பருகே கடுகளவு வெளிர்ப்பச்சை இருந்தது.

"இதுலயும் கீதுய்யா" என்றேன்.

அவர் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்தது. "எத்தினி எடத்துல?"

"ஒரே எடம். கடுகாட்டம்."

"அத்தயும் தண்ணியில போடு. ஒண்ணியும் ஆவாது. சீக்கிரமே பாத்துட்டோம்."

மறுநாள் காலை பால் வாங்கிவந்து அடுப்பில் வைத்துவிட்டுக் கிண்ணங்களைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"தண்ணி இன்னா கலரு?"

மற்றவை எல்லாம் தெளிவாகவோ, லேசாகப் பச்சை ஓடியோ இருந்தன. பழவேற்காட்டுக் காசு இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"டச்சுக் காசுல மட்டும் பழுப்பா கீது."

 பால் பொங்குகிற வாசனை வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்து வந்து நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார். பிடித்து உட்காரவைத்தேன்.

"பச்ச இல்ல? பழுப்பா?"

"டீத்தண்ணி மாரி."

"காச வெளிய எடு. பஞ்சுக்குச்சியால ஓரத்துல தொடு. தேய்க்காத. சும்மா உருட்டு."

உருட்டினேன். பஞ்சு பழுப்பானது.

"பஞ்சுல வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்த எடத்துல கீழ இன்னா கலரு கீது?"

அங்கே செம்பு சிவந்து கிடந்தது. புண்ணின் பொருக்கு உரிந்ததும் தெரிகிற தோல்போல. "செவப்பா. வெறும் செம்பு" என்றேன்.

"குழி குழியா கீதா?"

"கீது. பொடிப்பொடியா நெறிய கீது."

"லென்ஸ வை. எழுத்துக்குப் பக்கத்துல பாரு. எழுத்து மேல இல்ல, பக்கத்துல."

நான் பார்த்தேன். தப்பாகப் போட்ட தையலைப் பிரித்து மறுபடி தைத்தால், புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் தெரியும். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும், தேய்த்து மடித்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. எழும்பி நின்ற ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் மெல்லிய கீறல்கள். யாரோ உளியின் நுனியால் எழுத்தைச் சுற்றித் தோண்டி, எழுத்தை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

"கீறல் கீதா?" என்றார்.

இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. எதையும் பார்க்காத அந்தக் கண்கள் இரண்டும் விரியத் திறந்திருந்தன.

"சொல்லுமே."

"கீதுய்யா. எல்லா எழுத்துக்கும் கீது."

கையை நீட்டினார். ஈரத்தோடு காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நகத்தால் எழுத்தின் ஓரத்தைத் தடவினார். மறுபக்கம் திருப்பித் தடவினார். "அரிச்சுப்போன காச ஆசிட்ல போட்டு எட்து, செதுக்கி, வர்ணம் ஏத்திகிறான். ஆசிட்ட சரியா கழுவல. அதான் இப்போ சீக்கு வெளிய வந்துகிது" என்றார். யாரோ ஒருவருடைய காசைப் பற்றி ஹாலில் சொல்வதுபோலவே சொன்னார். பிறகு காசை மேஜைமேல் வைத்துவிட்டு, "கண்ணு நல்லா இருந்தப்போ வாங்குனதுமே இது" என்றார். 

அதற்குப் பிறகு அவர் பெட்டியைக் கேட்கவில்லை. நானாகத் தண்ணீரை மாற்றினேன், காசுகளைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ரேடியோவும் வேண்டாம் என்றார். ஏன் சொன்னோம் என்று எனக்கு இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், இந்த மனுஷன் போகிறவரைக்கும் அந்தக் காசை நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாளிலிருந்து நான் சொல்கிற எதுவும் எனக்கே பொய்யாகத் தெரிந்திருக்கும். இரண்டையும் யோசித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒருநாள் காலையில் சவரம் செய்துவிடச் சொன்னார். முகத்தைத் துடைத்துவிட்டதும், "மாத்தூருக்கு இட்டுகினு போறியா?" என்றார்.

"எதுக்கு?"

"அந்த மனுஷன் காச எத்தினி பேரு முன்னாடி கவுத்தேன். என் காசு இப்டி கீதுன்னு அவருக்குத் தெரியணும்ல."

ஆட்டோ பிடித்தோம். தண்டையார்பேட்டை தாண்டி, மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவர் எண்ணெய் வாசனையை வைத்தே எந்த இடம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் சைக்கிளில் போன வழி. காசு ஒரு சின்ன டப்பாவுக்குள் என் பையில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி, வர்ணம் மிச்சமிருந்ததை நான் எடுக்கவில்லை. பாதி சிவப்பும் பாதி பழுப்புமாகவே இருந்தது.

மாத்தூர் அண்ணன்தான் கதவைத் திறந்தார். நிறைய இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவரைப் பார்த்தார். இவர் கண் அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் வாசல்படி இறங்கி வந்தார். பிறகு இவர் கையைப் பிடித்து, "படி கீது நைனா, பாத்து வை" என்று உள்ளே அழைத்துப் போனார்.

கூடத்தில் அவர் மனைவியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. எங்களுக்குத் தெரியாது. நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு, "போன வருஷம் போயிட்டா, தங்கச்சி" என்றார்.

"எனக்குச் சொல்லி அனுப்பல" என்றார் இவர்.

"உனக்குக் கண்ணு போச்சுன்னு எனக்கும்தான் நீ சொல்லி அனுப்பல. வேற ஒரு ஆளு சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ஒருநாள் கெளம்பி உங்க வூட்டாண்ட, கல்மண்டபம் வரைக்கும் வந்துட்டேன். இன்னான்னு உள்ள வர்றதுன்னு திரும்பிட்டேன்."

 இவர் என் பக்கம் கையை நீட்டினார். நான் டப்பாவைக் கொடுத்தேன். இவர் அதை முன்னால் நீட்டி, "இத்த பாருங்க. பாத்து இன்னா கண்டிஷன்னு சொல்லுங்க" என்றார்.

மாத்தூர் அண்ணன் டப்பாவைத் திறந்தார். லென்ஸ் எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பார்த்துவிட்டு மூடினார்.

"செதுக்கி, வர்ணம் ஏத்தனது."

"அதான். நான் உங்கள அன்னிக்கு..."

"எனக்கு அப்பவே தெரியும் நைனா."

இவருக்குப் புரியவில்லை. "இன்னா தெரியும்?"

"இந்தக் காசப் பத்தி. நீ மொதமொதல்ல ஹாலுக்கு எட்துகினு வந்தப்பவே என் கைக்கு வந்துச்சு. எழுத்து காலடியில கீறல் கீதுன்னு பாத்தேன். பொறவு தனியா சொல்லலாம்னு வச்சிருந்தேன். உன் சந்தோஷத்தப் பாத்துட்டு இன்னிக்கு வாணாம், நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள என் காசு விஷயம் ஆயிடுச்சு."

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? நான் உங்கள சொன்னப்பவே. 'உன் காசு மட்டும் இன்னா யோக்கியம்'னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். என் காசப் பத்தி நீ சொன்னது சரி. அதுக்குப் பதிலா நான் இத்த சொன்னா, நெசமா இருந்தாலும் பழி வாங்கற மாரி ஆயிடும். அத்தன பேரு முன்னாடி உன்ன அப்டி நிக்கவைக்க எனக்கு மனசு வரல." கொஞ்சம் நிறுத்தி, "எழுந்து வந்துட்டேன்" என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மாவை அடக்கம் செய்தபோது ஒருமுறை, இது இரண்டாவது. மாத்தூர் அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அவர் காஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் லைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொழுதுக்கும் இந்த லைட்டரோட பேஜாரு தங்கச்சி" என்றார். நான் வாங்கிப் பற்றவைத்து டீ போட்டேன்.

நாங்கள் திரும்பி வரும்போது இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்கோங்க" என்று இவர் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு இவர், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. இது கையால மீன்கொழம்பு" என்றார். "வர்றேன்" என்றார் அவர்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். அதுவரை நான் அந்த ஹாலுக்குப் போனதே இல்லை. என் கணவர் எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பழவேற்காட்டுக் காசைப் பற்றிச் சொன்னார். "இத்தினி வருஷமா இத்த நல்ல காசுன்னு உங்களுக்குக் காட்டிகினு இருந்தேன். நல்ல காசு இல்ல. எப்டி ஏமாந்தேன்னு பாத்து வச்சிக்கோங்க" என்று சொல்லிக் காசைச் சுற்றுக்கு விட்டார். மாத்தூர் அண்ணனும் பையிலிருந்து தன் நாயக்கர் காசை எடுத்து அதோடு சேர்த்து அனுப்பினார். அவர் அப்படிச் செய்யப்போகிறார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். 

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பவும் வந்தன. மாத்தூர் அண்ணன் வருவார், நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதே கூடத்தில் காசைப் பற்றிய சண்டை ஆரம்பித்துவிடும். பார்த்துச் சொல்ல நடுவில் என்னைக் கூப்பிடுவார்கள். மீன் கையோடு வர முடியாது, இருங்கள் என்பேன். அப்படி ஒன்றரை வருஷம் கிடைத்தது. அதற்குள் என் கணவருக்குச் சிறுநீரகம் போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. டயாலிசிஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பையில் கொண்டுபோயிருக்கும் ஒரு காசைப் பார்த்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் சில நேரம் கேட்பார், சில நேரம் தூங்கிவிடுவார். தூங்கினாலும் நான் பார்க்கிற வரிசையை முடித்துவிட்டுத்தான் லென்ஸை வைப்பேன்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம் போனார். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். மாத்தூர் அண்ணன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வேண்டாம், உங்களால் முடியாது என்று மற்றவர்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்து வீட்டுக்காரர், எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால் போடுவது என்று பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

பெங்களூரில் இருக்கிற என் மகள் காசுகளை விற்றுவிட்டு அவளோடு வந்துவிடச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். அந்த வருஷ மழை வருவதற்குமுன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் சீக்கு இல்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மாற்றி மூடினேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் பஸ் பிடித்துப் போனேன். ஒரு ஓரத்தில் விற்பனைக்குக் காசு பரப்பியிருந்தார்கள். கம்பெனிக் காசு ஒன்றைக் கையில் எடுத்தேன். விளிம்பு முழுவதும் தட்டை. உருவம் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. எழுத்து அநேகமாக இல்லை. நிறம் அதன் சொந்த நிறம். யாரும் கைவைக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

மாத்தூர் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பத் தேய்ஞ்சதாச்சே தங்கச்சி. இதவிட நல்லது உங்க வூட்லயே பத்து கீதே" என்றார்.

"அதெல்லாம் அவரு வாங்கனது" என்றேன்.

அவர் காசைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினார். "வெறுங்கையால புடிச்சிகினு இருக்காத. இதுல போட்டுக்கோ."